ஈ.சி. சுத்தம், பட்டா சரி: மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் ஒரு பேரூராட்சிப் பகுதியில் 5 சென்ட் வீட்டு மனை விலைக்கு வருகிறது. விலை 18 லட்சம். விற்பவர் 30 வருட ஈ.சி. (வில்லங்கச் சான்று) காட்டுகிறார், அதில் வில்லங்கம் எதுவும் இல்லை. கணினிப் பட்டாவும் அவர் பெயரில் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்து, பத்திரம் பதிந்துவிட்டால் மனை நம்முடையதுதானே?

அந்த இரண்டு காகிதத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது ஆவணப் பதிவு. வந்திருப்பவர் அவர்தானா, முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியிருக்கிறதா, பதியக்கூடாத நிலமா என்று பார்ப்பார்கள். விற்பவருக்கு அந்தச் சொத்தில் உண்மையிலேயே உரிமை உண்டா என்று முடிவு செய்யும் அதிகாரம் சார்பதிவாளருக்குக் கிடையாது. தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ(i)-ஐ 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. ஒருவருக்குப் பாதிப் பங்குதான் இருக்கிறது, முழுதும் தன்னுடையது என்று எழுதிக் கொடுக்கிறார் என்றால், பதிவான பிறகும் வாங்கியவருக்குப் பாதிதான். பட்டா வருவாய்த்துறையின் கணக்கு. அது மட்டுமே உரிமைக்கு ஆதாரமாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. ஈ.சி. பதிவு அலுவலகத்துப் புத்தகத்தின் சுருக்கம். உரிமை என்பது மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய விற்பவர் வரை அறுபடாமல் வரும் தொடர்ச்சி. அதைச் சரிபார்க்கும் வேலை முழுக்க வாங்குபவர் தலையில்தான் இருக்கிறது.

ஆகவே ஈ.சி.யைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தச் சொத்து உங்களுக்கு எப்படி வந்தது? கிரயமா, பாகப்பிரிவினையா, தான செட்டில்மென்ட்டா, உயிலா, அப்பா இறந்து வாரிசாக வந்ததா? அந்தப் பத்திரத்தை வாங்கிப் படித்தால், அதிலேயே "எனக்கு இன்ன வருடம், இன்ன நம்பர் பத்திரப்படி பாத்தியப்பட்ட" என்று முந்தைய பத்திரத்தின் எண் இருக்கும். அதன் நகலை எடுத்தால் அதற்கு முந்தையது தெரியும். இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 30 வருடம் பார்ப்பது வழக்கம். ஆனால் 30 வருடத்துக்குள் வரும் முதல் பத்திரம் பாகப்பிரிவினையாகவோ வாரிசு விற்றதாகவோ இருந்தால், அதற்கு முன்னால் சொத்து யாருடையது என்று தெரியும்வரை போவதுதான் சரி.

உதாரணமாக ஒரு தொடர்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 1978-ல் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் மனை வாங்குகிறார். 1994-ல் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். 1996-ல் மனைவியும் இரண்டு மகன்களும் கையெழுத்துப் போட்டு மனையை விற்கிறார்கள். மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார், கையெழுத்து வாங்கவில்லை. 1996-ல் வாங்கியவர் பெயருக்குப் பட்டா மாறிவிட்டது. அவரிடமிருந்து 2011-ல் வாங்கியவர்தான் இன்று விற்கிறார். ஈ.சி.யில் 1996, 2011 இரண்டு கிரயமும் அழகாக வரும். வில்லங்கம் என்று எதுவுமே தெரியாது. ஆனால் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தையின் தனிச்சொத்தில் மகளும் முதல் வகுப்பு வாரிசு. நாலில் ஒரு பங்கு அவருடையது, அவர் அதை விற்கவே இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பெண்களுக்குப் பங்கு 2005-க்குப் பிறகுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த திருத்தமும், தமிழ்நாட்டின் 1989 திருத்தமும் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியவை. அப்பா தானே சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் மகளுக்குப் பங்கு 1956-லிருந்தே உண்டு. ஆகவே தொடர்ச்சியில் எங்காவது ஒரு மரணம் வந்தால், அந்த இடத்தில் வாரிசுச் சான்றை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் அடுத்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பெயர் குறைந்தால் அவரிடமிருந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்தாக வேண்டும், அல்லது இப்போதைய கிரயத்தில் அவரையும் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும். அவரும் காலமாகியிருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லாரும். இதை அட்வான்ஸுக்கு முன்னால் விற்பவர் செய்து தர வேண்டும். "அந்தம்மா கேட்கவே மாட்டாங்க" என்ற வாய்வார்த்தைக்கு விலை கிடையாது.

மைனர் பங்கும் இதே வகைதான். இந்து மைனருக்கு உரிய பங்கை அம்மாவோ அப்பாவோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை மேஜரான பிறகு, பொதுவாக மூன்று வருடத்துக்குள், அதை ரத்து செய்யக் கேட்கலாம். பத்திரத்தில் "தனக்காகவும் தன் மைனர் மகனுக்காகவும்" என்ற வரியைப் பார்த்தால் அந்த மகனின் பிறந்த வருடத்தைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள். பெற்றோர் சமீபத்தில் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் சொத்தும் கவனிக்க வேண்டியது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். அப்பா அம்மா இருந்தால் அவர்களையும் சம்மதித்துக் கையெழுத்துப் போடச் சொல்வது நல்லது.

இனி ஈ.சி. அதில் வராதவை எவை என்று தெரிந்துகொள்வது, வருபவற்றைப் படிப்பதைவிட முக்கியம். உயில் பதிவானாலும் பதிவு அலுவலகத்தின் 3-ம் புத்தகத்தில் இருக்கும், சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1-ம் புத்தகத்திலிருந்து எடுக்கும் ஈ.சி.யில் வராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. வாரிசுரிமை வராது. நீதிமன்ற வழக்கு பொதுவாக வராது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் 52-ம் பிரிவு சொல்கிறது. வழக்கு இருப்பது எனக்குத் தெரியாது என்ற வாதம் அங்கே எடுபடாது. அதனால் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் விற்பவர் பெயர், அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் பெயர் இரண்டையும் போட்டு அந்த ஊர் நீதிமன்றங்களில் தேடிப் பாருங்கள். பெயரை வேறு வேறு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டியிருக்கும்.

ஈ.சி. எடுப்பதிலேயே ஒரு பொறி இருக்கிறது. அது நீங்கள் கொடுத்த சர்வே எண்ணுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். 112/3 என்ற புல எண் உட்பிரிவாகி 112/3ஏ ஆகி, பிறகு 112/3ஏ1 ஆகியிருக்கும். இன்றைய எண்ணை மட்டும் போட்டால் உட்பிரிவுக்கு முந்தைய பத்திரங்கள் விட்டுப்போகும். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1980-களில் நடந்த யு.டி.ஆர். சர்வேயில் பல கிராமங்களில் எண்ணே மாறியது. பழைய சர்வே எண், புதிய சர்வே எண் என்று பத்திரத்தில் இரண்டும் இருப்பது அதனால்தான். ஆக பழைய எண், புதிய எண், தாய் எண், உட்பிரிவு எண் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல் கிடைக்கும், அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டு இடத்திலும். விற்பவர் நீட்டும் ஈ.சி.யை நம்பாமல் நீங்களே எடுங்கள்.

ஈ.சி.யில் அடமானம் தெரிந்தால் அதற்கு எதிரே ரசீது ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். வங்கி கொடுத்த கடன் முடிந்த கடிதம் மட்டும் இருந்தால் ஈ.சி.யில் அடமானம் அப்படியே நிற்கும். நாளைக்கு நீங்கள் கடனுக்குப் போனால் அந்த வங்கி வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். அதேபோல் 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தம், அசையாச் சொத்துக்கான பவர் (அதிகாரப் பத்திரம்), உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து எழுதும் அடமான ஒப்பந்தம் மூன்றையும் கட்டாயம் பதிய வேண்டும். வேறு யாருக்காவது எழுதிய ஒப்பந்தம் ரத்தாகாமல் ஈ.சி.யில் இருந்தால், கெடு முடிந்தது என்று விட்டுவிடாமல் ரத்துப் பத்திரம் கேளுங்கள். பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் முதல் சோதனை, ஏனென்றால் பொதுவாக அவர் மரணத்தோடு பவரும் முடிந்துவிடும். முடிந்தால் அவரிடமே நேரில் பேசிவிடுங்கள். பவர் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு சொத்து என்னுடையது என்று சொல்வது 2011 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நிற்காது.

அடுத்தது நிலம். பட்டாவோடு அ-பதிவேட்டையும் (கிராமத்தின் மூல நிலப் பதிவேடு) புல வரைபடத்தையும் எடுங்கள், வருவாய்த்துறை இணையதளத்தில் கிடைக்கும். அ-பதிவேட்டில் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), அரசு நிலமா, குறிப்புக் கலத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம், அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். இப்போது கட்டாந்தரையாகத் தெரிவது பதிவேட்டில் ஓடையாக இருக்கலாம்.

பரப்பில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அலகு மாறுவதால். பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர்-ஏர். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். 5 சென்ட் மனைக்குப் பட்டாவில் 0-02.02 என்று இருக்க வேண்டும். அது 0 ஹெக்டேர் 2.02 ஏர், அதாவது 202 சதுர மீட்டர், ஏறக்குறைய 2,174 சதுர அடி. 0-01.80 என்று இருந்தால் 4.45 சென்ட்தான் கணக்கில் இருக்கிறது. மீதி அரை சென்ட் பக்கத்து மனையிலோ ரோட்டிலோ போயிருக்கும், ஆனால் விலை மட்டும் 5 சென்டுக்குக் கேட்பார்கள்.

பிறகு பத்திரத்தின் சொத்து விவரம். இந்த ஒரு பகுதியை மட்டும் வரி வரியாகப் படியுங்கள். "இதற்குச் செக்குபந்தி: 20 அடி தென்வடல் ரோட்டுக்கு மேற்கு, 12-ம் நம்பர் மனைக்குக் கிழக்கு, 14-ம் நம்பர் மனைக்கு வடக்கு, 16-ம் நம்பர் மனைக்குத் தெற்கு. இதன் மத்தியில் கிழமேல் இருபுறமும் ஜாதியடி 55, தென்வடல் இருபுறமும் ஜாதியடி 40" என்று இருக்கும். செக்குபந்தி என்றால் நாலு எல்லை, ஜாதியடி என்றால் வழக்கமான அடி. ரோட்டுக்கு மேற்கு என்றால் மனை ரோட்டின் மேற்கே இருக்கிறது, ஆக ரோடு நமக்குக் கிழக்குப் பக்கம். அவசரத்தில் படிப்பவர்கள் ரோடு மேற்கே என்று புரிந்துகொண்டு, இடத்தைப் பார்க்கப்போய் வேறு மனையைப் பார்த்துவிட்டு வருவார்கள். 55-ஐ 40-ஆல் பெருக்கினால் 2,200 சதுர அடி. 5 சென்ட் 2,178. இந்த அளவு வித்தியாசம் சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் பத்திரத்திலுள்ள நாலு பக்க அளவையும் டேப் பிடித்துத் தரையில் பாருங்கள். சர்வேயரை வைத்துப் புல வரைபடப்படி அளந்து கல் நடுவது அட்வான்ஸுக்கு முன்னால் நடக்க வேண்டும். முன்னால் இருக்கும் 20 அடி ரோடு புல வரைபடத்தில் பாதை என்று இருக்கிறதா, அல்லது வேறொருவர் பட்டா நிலத்தில் போட்ட மண் தடமா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

மனைப்பிரிவு என்றால் அங்கீகாரம். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சென்னைப் பகுதியில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகார எண்ணை வாங்கி, ஒப்புதலான வரைபடத்தில் உங்கள் மனை எண்ணும் அளவும் இருக்கிறதா, அது பூங்காவுக்கு விட்ட இடம் இல்லையா என்று பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்வது அங்கீகாரமே ஆகாது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவான இடமாக இருந்தால் அங்கீகாரமில்லாத மனையை வரன்முறைப்படுத்திய உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் தடுமாற வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சரியான பிறகுதான் விற்பனை ஒப்பந்தம். பதிவு செய்தே எழுதுங்கள். மொத்த விலை, அட்வான்ஸ், எத்தனை மாதத்தில் கிரயம், எந்தெந்த அசல் பத்திரம் ஒப்படைக்கப்படும், உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எல்லாமும் அதில் இருக்கட்டும். விற்பவர் இழுத்தடித்தால் கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட, ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம். கடிதம் போட்டுக்கொண்டே இருந்து காலத்தைக் கடத்திவிட வேண்டாம்.

செலவு: கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 18 லட்சத்துக்கு 1,26,000-மும் 36,000-மும் சேர்த்து 1,62,000 ரூபாய். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும், இந்த மனைக்கு அது பொருந்தாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்த 50 லட்சம், 1 சதவீதக் கணக்கே பொருந்தாது. எவ்வளவு சிறிய தொகையானாலும் ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இங்கேதான் எல்லாரும் சொல்லும் யோசனை வரும்: "வழிகாட்டி மதிப்புக்குப் பதிவு பண்ணிக்கலாம், மீதியை ரொக்கமா கொடுங்க." கணக்குப் போடுவோம். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 2,178 சதுர அடிக்கு 10,89,000. அதற்கு 9 சதவீதம் 98,010. மிச்சம் சுமார் 64,000. ஆனால் பத்திரத்தில் காட்டாத 7,11,000 ரூபாய், பின்னால் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலையில் சேராது, லாபமாகிவிடும். நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் என்றால் அந்தத் தொகைக்கு மட்டும் 88,875. மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகக் கட்டுவீர்கள். சொத்து விலையில் 20,000 ரூபாய், அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே விற்பவருக்கு அபராதம் வரலாம். எல்லாவற்றுக்கும் மேல், நாளைக்கு உரிமை இல்லை என்று ஆனால் பத்திரத்தில் இருக்கும் தொகையைத்தான் திரும்பக் கேட்க முடியும். வழிகாட்டி மதிப்புக்கும் கீழே காட்டினால் முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவில் மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பி, பத்திரம் கைக்கு வராமல் நிற்கும்.

விற்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்திரத்தில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிந்த பிறகு, கையில் வாங்கிய காசோலை திரும்பினால் கிரயம் தானாக ரத்தாகாது. விலை தருவதாக வாக்குக் கொடுத்தாலே சட்டப்படி அது விற்பனை. பாக்கிக்காக அந்தச் சொத்தின் மேல் உரிமை கோரி வழக்குத்தான் போட வேண்டியிருக்கும். டி.டி. அல்லது கணக்கில் வரவான பணம், அதன் எண்ணும் தேதியும் பத்திரத்தில் இருக்கட்டும்.

பதிவு நாளில் செய்வதற்கு அதிகம் இல்லை. டோக்கன் எடுத்து, கட்டணத்தை இணையத்தில் கட்டி, இரண்டு சாட்சிகளோடும் அடையாள அட்டைகளோடும் போனால் புகைப்படம், கைரேகை எடுத்துப் பதிந்துவிடுவார்கள். எழுதிக் கையெழுத்தான பத்திரத்தை நாலு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். முக்கியமான வேலை முந்தின நாள்தான்: ஆவண எழுத்தர் தரும் வரைவைப் பழைய பத்திரத்தோடு வைத்து, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நாலு எல்லை, முந்தைய பத்திர எண், பெயர், தந்தை பெயர் என்று ஒவ்வொன்றாக ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள். ஒரு உட்பிரிவு எழுத்து விட்டுப்போனாலும் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத விற்பவரே திரும்ப வந்து கையெழுத்துப் போட வேண்டும். பணம் வாங்கிய பிறகு அவரைக் கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆவண எழுத்தரைக் கேட்டால் சொல்வார். அன்றைக்கே மூலப்பத்திரம் உட்பட எல்லா அசலையும் கையில் வாங்கிவிடுங்கள். அசல் தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் சான்றும் பத்திரிகை விளம்பரமும் கேட்க வேண்டும், ஏனென்றால் தொலைந்ததாகச் சொல்லும் அசல் எங்காவது அடமானத்தில் இருக்கக்கூடும்.

பதிந்த பிறகு, உட்பிரிவு தேவைப்படாத மனைக்கு, விற்பவர் பெயரிலேயே பட்டா இருந்தால், பெயர் மாற்றம் தானாகவே நடந்துவிடுவதுண்டு. உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் புது எண் கிடைக்கும். அதற்கு நீங்கள்தான் பின்தொடர வேண்டும். ஒரு மாதம் கழித்து உங்கள் பெயர் வரும்படி ஒரு ஈ.சி. எடுத்து, சர்வே எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.